இலையும் தெப்பமும்

பூந்தமல்லிக்காரர் ஒருவர் காஞ்சிபுரத்தில் சாப்பிட்டுவிட்டுப் போன இலையிலிருந்து தொடங்குகிறது விவகாரம். விருந்துக்கு அழைத்தவர் அந்த நேரம் வீட்டில் இல்லை. வந்தவரோ கோயிலில் வேலை இருக்கிறது, உடனே போக வேண்டும் என்றார். இலை போட்டார்கள். சாப்பிட்டார், கிளம்பிவிட்டார். வீட்டுக்கார அம்மாள் அந்த இலையைக் கைபடாமல் அப்புறப்படுத்தினாள். மீந்த சோற்றை வேலையாளிடம் கொடுத்தாள். அவர் உட்கார்ந்த இடத்தைச் சாணமிட்டு மெழுகினாள். தலைக்குக் குளித்துவிட்டுக் கணவனுக்கு மறுபடியும் உலை வைத்தாள். கணவர் திரும்பி வந்தபோது அடுப்பில் இரண்டாவது தளிகை கொதித்துக்கொண்டிருந்தது.

வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்லும் சம்பவம் இது. அந்தக் கணவருக்கு அப்போது இளையாழ்வார் என்று பெயர், பின்னாளில் ராமானுஜர். மனைவி தஞ்சமாம்பாள். சாப்பிட்டுப் போனவர் திருக்கச்சி நம்பி. பூந்தமல்லியில் பிறந்தவர், பிராமணர் அல்லாதவர். வணிகக் குலம் என்பது வழக்கு. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவது அவர் செய்துவந்த கைங்கரியம். விசிறிக்கொண்டிருக்கும்போது பெருமாள் அவரோடு வாய்விட்டுப் பேசுவார் என்று ஊர் நம்பியது. நம்பி உண்ட இலையில் மீந்ததைத் தான் உண்ண வேண்டும் என்பது இளையாழ்வாரின் ஆசை, விருந்தே அதற்காகத்தான். அவரை எதிர்கொண்டு அழைக்க ஒரு தெரு வழியாகப் போனார். நம்பி வேறு தெரு வழியாக வந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் இலையும் இல்லை, மிச்சமும் இல்லை. தரையில் மெழுகிய ஈரம்தான் இருந்தது.

இன்றைக்குப் பூந்தமல்லி என்றதும் நினைவுக்கு வருவது புறவழிச்சாலை நெரிசலும், மெட்ரோ தூண்களும், குமணன்சாவடி சிக்னலும், பெங்களூர் பேருந்துக்குப் பையோடு காத்திருக்கும் கூட்டமும். பூவிருந்தவல்லி என்ற பெயரில் இருக்கிற பூவைக் கடைத்தெருவில் முழம் போட்டு விற்பவரிடம்தான் பார்க்க முடியும். இந்த ஊரில் பூ வளர்த்துத் தொடுத்துக் காஞ்சிக்குக் கொண்டுபோனவர் நம்பி என்கிறது தலவரலாறு. இங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி உண்டு. மாசி மிருகசீரிடம் அவருடைய நட்சத்திரம். நெடுஞ்சாலையில் மேற்கே இருபது கிலோமீட்டர் போல் போனால் ஸ்ரீபெரும்புதூர். மரபுக் கணக்கில் 1017ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் ராமானுஜர் பிறந்த ஊர்.

இந்த மத்தியானச் சாப்பாட்டை ஓர் அமெரிக்க நாவலோடு சேர்த்துப் படித்தால் என்ன? முழங்காலுக்கும் மொட்டைத் தலைக்கும் முடிச்சுப் போடுகிற வேலையாகத்தான் முதலில் தெரியும். ஆனால் மார்க் ட்வெய்னின் ‘ஹக்கிள்பெர்ரி ஃபின்’ நாவலைக் கடைசிவரை படித்தவர்களுக்கு, ராமானுஜரின் திருக்கோஷ்டியூர்க் கதை நினைவுக்கு வராமல் போகாது. இரண்டிலும் ஒருவன், ‘இதைச் செய்தால் உனக்கு நரகம்’ என்று தெளிவாகச் சொல்லப்பட்ட பிறகு, அதைச் செய்கிறான். இரண்டிலும் அந்த முடிவுக்கு முன்னால், ஊர் விலக்கி வைத்த ஒருவரோடு நெருங்கி இருந்த நாட்கள் இருக்கின்றன.

முதலில் நாவலைப் பார்த்துவிடலாம்.

ட்வெய்ன் இதை 1876இல் எழுதத் தொடங்கி, பல ஆண்டு கிடப்பில் போட்டு, 1883இல் முடித்தார். 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும், 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. கதை நடக்கும் காலம் அதற்கு நாற்பது ஐம்பது ஆண்டுகள் முந்தையது. தென்மாநிலங்களில் அடிமைமுறை சட்டப்படி இருந்த காலம். ஹக்குக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. தாய் இல்லை. தகப்பன் குடிகாரன், மகனை அடித்துத் துவைப்பவன். அவனிடமிருந்து தப்பி, தான் கொலையுண்டதுபோல் தடயம் வைத்துவிட்டு, ஆற்றுத் தீவு ஒன்றில் ஒளிகிறான். அங்கே ஏற்கெனவே ஒளிந்திருப்பவன் ஜிம், மிஸ் வாட்சன் என்ற பெண்மணியின் அடிமை. எண்ணூறு டாலருக்குத் தன்னை நியூ ஆர்லியன்ஸ் பக்கம் விற்கப்போகிறாள் என்று ஒட்டுக்கேட்டு ஓடிவந்தவன். இருவரும் ஒரு தெப்பத்தில் மிசிசிப்பி ஆற்றில் இறங்குகிறார்கள். பகலில் ஒளிவதும் இரவில் மிதப்பதுமாகப் போகிறது பயணம்.

மிஸ் வாட்சன் கொடுமைக்காரி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பக்தி உள்ளவள். ஹக்குக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறாள், ஜெபிக்கச் சொல்லித் தருகிறாள், நரகத்தைப் பற்றியும் சொல்லித் தருகிறாள். ஹக் அறிந்த உலகத்தில் அடிமை என்பவன் மாடு, கலப்பைபோல ஒரு சொத்து. ஜிம்முக்கு உதவுவது என்றால், தனக்கு ஒரு தீங்கும் செய்யாத ஓர் அம்மாளின் சொத்தைத் திருடுவது. பையன் இதை உள்ளூர நம்புகிறான். நாவலின் முழு விசையும் இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. அடிமைமுறை தவறு என்று ஹக்குக்கு யாரும் சொல்லவில்லை. தானாகவும் அவன் அந்த முடிவுக்குக் கடைசிவரை வருவதில்லை.

அப்படியென்றால் அவன் எங்கே வளர்கிறான்?

தீவிலேயே தொடங்குகிறது. விளையாட்டுக்காக ஒரு செத்த பாம்பை ஜிம்மின் போர்வையில் வைக்கிறான். அதன் இணை வந்து ஜிம்மைக் கடித்துவிடுகிறது. நான்கு நாள் ஜிம் வீங்கிக் கிடக்கிறான். ஹக் பாம்புகளைச் சத்தமில்லாமல் புதருக்குள் எறிந்துவிட்டு, தன்னால்தான் என்று சொல்லாமல் மழுப்பிவிடுகிறான். இது வெறும் பயம். கொஞ்ச நாள் கழித்து மூடுபனியில் தெப்பமும் படகும் பிரிந்துவிடுகின்றன. இரவெல்லாம் தேடித் தவித்து, பையன் செத்தே போனான் என்று அழுது, களைத்துத் தூங்கிப்போகிறான் ஜிம். ஹக் திரும்பி வந்து, எதுவுமே நடக்கவில்லை, நீ கனவு கண்டாய் என்று விளையாட்டு காட்டுகிறான். ஜிம் முதலில் நம்பியும் விடுகிறான். பிறகு தெப்பத்தில் அடித்து ஒதுங்கிக் கிடக்கும் சருகையும் குப்பையையும் பார்த்ததும் புரிந்துபோகிறது. சிநேகிதன் தலையில் மண்ணைப் போடுகிறவனும் குப்பைதான் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறான்.

வெள்ளைக்காரப் பையன் ஓர் அடிமையிடம் மன்னிப்புக் கேட்பது அந்த ஊரில் நினைத்துப் பார்க்க முடியாதது. எழுந்து போய்த் தன்னைத் தாழ்த்திக்கொள்ளக் கால்மணி நேரம் பிடித்தது என்கிறான் ஹக். ஆனால் போனான், போனதற்காகப் பிறகு வருத்தப்படவும் இல்லை. நாவலின் சிறந்த இடம் எது என்று கேட்டால் பலர் நரக முடிவைச் சொல்வார்கள். இந்தக் கால்மணி நேரம் அதைவிடக் கனமானது என்று தோன்றுகிறது. நரகம் பெரிய வார்த்தை, சொல்லிவிடலாம். எழுந்து போய் மன்னிப்புக் கேட்பதற்குக் கால் வர வேண்டும்.

அதற்குப் பிறகும் பையன் தடுமாறுகிறான். சுதந்திர மண் நெருங்குகிறது என்றதும் ஜிம் உற்சாகமாகப் பேசுகிறான்: சம்பாதித்துத் தன் மனைவியை விலைக்கு வாங்குவான், பிறகு பிள்ளைகளை; எஜமான் விற்க மறுத்தால் திருடிக்கொண்டு வருவான். ஹக் திடுக்கிடுகிறான். பெற்ற பிள்ளையையே திருடுவதா? முன்பின் தெரியாத ஒருவருடைய சொத்தாயிற்றே! காட்டிக்கொடுப்பது என்று முடிவுசெய்து படகில் கிளம்புகிறான். வழியில் துப்பாக்கியோடு இரண்டு பேர் மறிக்கிறார்கள். தெப்பத்தில் இருப்பவன் வெள்ளையனா, கறுப்பனா? வாய்வரை வந்த உண்மை வெளியே வரவில்லை. வெள்ளையன் என்கிறான். அம்மை கண்ட குடும்பம் என்று அவர்களாக ஊகித்துப் பயந்து ஓடும்படிப் பேசியும் விடுகிறான். அவர்கள் பரிதாபப்பட்டு ஆளுக்கு இருபது டாலர் தங்க நாணயம் ஒன்றைப் பலகையில் வைத்து மிதக்கவிட்டுப் போகிறார்கள். திரும்பும் வழியில் ஹக் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறான், தப்புச் செய்துவிட்டோமே என்று.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: நாலு பேர். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ அந்த நாலு பேர் யாரென்று எந்தக் குழந்தைக்கும் யாரும் அடையாளம் காட்டியதில்லை. ஆனால் எல்லார் வீட்டுக் கூடத்திலும் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மனசாட்சி என்று நாம் மரியாதையாகச் சொல்வதில் பாதி இந்த நாலு பேரின் குரல்தான். ஹக்கின் மனசாட்சியில் பேசுவது மிஸ் வாட்சனும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியும் ஊரின் அடிமைச் சட்டமும். ட்வெய்னுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1895இல் உலகச் சொற்பொழிவுப் பயணத்துக்குத் தயாரானபோது, நல்ல இதயமும் கோணிப்போன மனசாட்சியும் மோதி மனசாட்சி தோற்றுப்போகிற கதை இது என்ற பொருளில் தன் நோட்டில் குறித்துவைத்தார்.

அதே பயணம்தான் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றில் பணத்தைப் போட்டு, பதிப்பகமும் கவிழ்ந்து, 1894இல் திவாலானவர், கடனை அடைக்க ஊர் ஊராகப் பேசப் புறப்பட்டார். 1896 ஜனவரியில் பம்பாய் விடுதியில் இறங்கிய நாளன்று, அறையைச் சரிபார்க்க வந்த ஒரு ஜெர்மானியர், ஏதோ சரியில்லை என்று இந்தியப் பணியாளின் தாடையில் ஓர் அறை விட்டார். அடிவாங்கியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பது ஆண்டுகளாக இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, நொடியில் என் பிள்ளைப் பருவத்துக்குப் போய்விட்டேன் என்று ட்வெய்ன் எழுதுகிறார். பிள்ளைகளை அநேகமாக அடிக்காத அவருடைய அப்பா, வீட்டு அடிமைப் பையனை அற்பக் காரணங்களுக்கு அறைந்தது நினைவுக்கு வருகிறது. பத்து வயதில் கண்ட இன்னொன்றும் வருகிறது: வேலையைக் கோணலாகச் செய்தான் என்று ஒருவர் இரும்புக் கனிமக் கட்டியை அடிமையின் தலைமேல் வீச, ஒரு மணி நேரத்தில் அவன் இறந்துபோனான். ஊரில் யாருக்கும் அது சரியென்று படவில்லை. யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவும் இல்லை. நாலு பேர் என்பவர்கள் பேசும்போது மட்டுமல்ல, வாயை மூடிக்கொள்ளும்போதும் வேலை செய்கிறார்கள்.

மார்ச் கடைசியில் கல்கத்தாவில் கப்பலேறிய ட்வெய்ன், இலங்கைக்குப் போகும் வழியில் சென்னையில் ஒரு நாள் நின்றார். துறைமுகத்துப் பக்கமிருந்து நேராக மேற்கே போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மறுமுனையில், தன் கதையின் தூரத்து உறவு ஒன்று இருப்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

அந்த மறுமுனைக்குத் திரும்புவோம்.

இளையாழ்வார் பிறக்கும்போதே ராமானுஜர் அல்ல. காஞ்சியில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் படிக்க வந்த மாணவர். ஆசிரியர் சொன்ன பொருளை எதிர்த்துப் பேசியதால் மனக்கசப்பு ஏற்பட்டு, காசி யாத்திரையில் அவரைத் தீர்த்துக்கட்டும் சூழ்ச்சிவரை போனது என்கின்றன கதைகள். தப்பித் திரும்பியவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது கைகாட்டியவர் திருக்கச்சி நம்பி. சாலைக் கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவா என்றார். தர்க்கத்தில் புலியான ஒரு பிராமண இளைஞனுக்குப் பூந்தமல்லிப் பூக்காரர் கொடுத்த வேலை அது. வாதம் செய்யும் வேலையே இல்லை; குடத்தைத் தோளில் சுமந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

ஜிம்மும் ஹக்குக்கு ஒன்றும் உபதேசம் செய்வதில்லை. பையன் தூங்கட்டும் என்று அவனுடைய முறைக்கும் சேர்த்துத் தானே காவல் இருக்கிறான். விடியற்காலையில், விட்டுவந்த பிள்ளைகளை நினைத்துத் தலையை முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுகிறான். காய்ச்சலில் காது போன மகளை, சொல் கேட்கவில்லை என்று அறைந்துவிட்டதைச் சொல்லிச் சொல்லித் தேம்புகிறான். வெள்ளைக்காரர்களைப் போலவே இவனுக்கும் பிள்ளைப்பாசம் இருக்கிறதே, இயற்கைக்கு மாறாகத் தோன்றுகிறது, ஆனாலும் இருக்கிறது என்று ஹக் ஆச்சரியப்படுகிறான். அந்த ஆச்சரியம் நமக்குக் கூசுகிறது. கூச வேண்டும் என்றுதான் ட்வெய்ன் அப்படி எழுதினார்.

கடைசியில் ஜிம்மை, வழியில் சேர்ந்துகொண்ட ஏமாற்றுக்காரர்கள் நாற்பது டாலருக்கு விற்றுவிடுகிறார்கள். ஹக்குக்குப் பாவ பயம் வந்துவிடுகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. மிஸ் வாட்சனுக்கு ஜிம் இருக்குமிடத்தைச் சொல்லி ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல் மனசு லேசாகிவிடுகிறது. பிறகு தெப்பத்தின் நினைவு வருகிறது, காவல் நின்ற ஜிம், மூடுபனியிலிருந்து மீண்டபோது சந்தோஷப்பட்ட ஜிம். கடிதத்தைக் கையில் எடுத்து, நடுங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு யோசித்து, கிழித்துப் போடுகிறான். நரகத்துக்கே போவது என்று தீர்மானித்துவிட்டான்.

ராமானுஜரின் நரகம் திருவரங்கத்துக்குப் போன பிறகு வருகிறது. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ரகசியப் பொருள் கேட்கப் பதினெட்டு முறை நடந்தார். யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் நரகம் என்ற நிபந்தனையின் பேரில் உபதேசம் கிடைத்தது. வாங்கிய கையோடு ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். கோபுரத்தில் ஏறிக் கூவினார் என்பது ஜனங்கள் சொல்வது. கூடியிருந்தவர்களுக்குச் சொன்னார் என்று சொல்பவர்களும் உண்டு. ஆசிரியர் கோபித்துக் கேட்டபோது, நான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் கரையேறுவார்களே என்ற பொருளில் பதில் சொன்னார். நம்பி கட்டித் தழுவி ‘எம்பெருமானார்’ என்று பெயர் கொடுத்தார். இந்திரா பார்த்தசாரதி ‘ராமானுஜர்’ நாடகம் எழுதி 1999இன் சரஸ்வதி சம்மான் பெற்றதும், கடவுள் மறுப்பாளரான மு. கருணாநிதி 2015இல் ராமானுஜர் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எழுதியதும் இந்தக் கதையின் வலுவால்தான்.

இரண்டு நரகமும் ஒன்றல்ல. ராமானுஜருடையது கணக்குப் போட்டு ஏற்றது: ஒருவருக்கு நரகம், ஊருக்கு மோட்சம். செய்வது நல்லது என்று அவருக்குத் தெரியும். விலை மட்டும் கொஞ்சம் அதிகம். ஹக்கிடம் அந்த ஆறுதலே கிடையாது. செய்வது பாவம், தான் கெட்டவன், தன்னை வளர்த்த விதம் அப்படி என்று நம்பிக்கொண்டே கடிதத்தைக் கிழிக்கிறான். யாரும் கட்டித் தழுவவில்லை, பட்டமும் தரவில்லை. ஜோனதன் பென்னட் என்ற தத்துவப் பேராசிரியர் 1974இல் ஹக்கின் மனசாட்சியைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஹக்குக்கு எதிர்ப்பக்கத்தில் அவர் நிறுத்தியது நாஜித் தளபதி ஹிம்லரை. கடமை என்று நம்பியதற்காக இரக்கத்தை அடக்கிக்கொண்டவர் அவர். இரக்கத்துக்காகக் கடமையைக் கைவிட்டவன் இந்தப் பையன்.

வளர்ச்சி என்றதும் படிக்கட்டு ஏறுவதுபோல் நினைத்துக்கொள்கிறோம். நாவல் அப்படி ஏமாற்றுவதில்லை. நரக முடிவுக்கு அடுத்த அத்தியாயத்திலேயே, நீராவிப் படகில் விபத்து நடந்ததாக ஹக் ஒரு பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று ஓர் அம்மாள் கேட்கிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான், அவ்வளவுதான் என்கிறான். (மூலத்தில் இருப்பது ‘கறுப்பன்’ அல்ல, இழிசொல். நாவலில் இருநூறு தடவைக்கு மேல் வரும் அந்தச் சொல்லை 2011இல் ஒரு பதிப்பு ‘அடிமை’ என்று மாற்ற, பெரும் சர்ச்சை ஆனது.) அதன்பின் ஹக்கின் சிநேகிதன் டாம் சாயர் வந்து சேர்ந்ததும், ஜிம்மைச் சிறை மீட்கும் வேலையே கதைப்புத்தக விளையாட்டாகி, ஹக்கும் பின்னால் போகிறான். ஜிம் திருடப்பட்ட இடத்தோடு வாசகர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஹெமிங்வே 1935இல் எழுதியது இந்தக் கடுப்பில்தான்.

ராமானுஜரும் நேர்கோட்டில் போகவில்லை. காவிரியில் நீராடிவிட்டுத் திரும்பும்போது, பிராமணரல்லாத உறங்காவில்லி தாசரின் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தார் என்று கதை உண்டு. அதே ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில், சூத்திரருக்கு வேத வழியிலான பிரம்ம வித்தையில் உரிமை இல்லை என்ற பழைய நிலையையே எடுத்து வாதிடுகிறார். தோளுக்குக் கிடைத்த இடம் உரைநூலில் கிடைக்கவில்லை. அவரைப் புரட்சியாளராகக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். புரட்டாமல் படித்தால்தான் அவர் மனிதராகத் தெரிகிறார்.

தஞ்சமாம்பாளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு கதையிலும் ஊர் விதியைத் தலையில் சுமக்க வைக்கப்பட்டவர்கள் பெண்கள். அடிமைச் சந்தையை நடத்தியது மிஸ் வாட்சன் அல்ல. தீட்டுச் சாத்திரத்தை எழுதியது தஞ்சமாம்பாள் அல்ல. சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்ததை அவள் பிசகாமல் செய்தாள். கணவன் மாறிவிட்டான் என்று அவளுக்குத் தகவல் வரவில்லை. கிணற்றடிச் சண்டை, பசித்து வந்தவரைத் திருப்பி அனுப்பியது என்று மேலும் இரண்டு குற்றம் சேர்ந்ததும், அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டுத் துறவு பூண்டார் ராமானுஜர். மிஸ் வாட்சனுக்காவது ட்வெய்ன் ஒரு வாசல் வைத்தார்: விற்க நினைத்ததற்கு வெட்கப்பட்டு, சாகும்போது ஜிம்மை விடுதலை செய்து உயில் எழுதுகிறாள். ஜிம்மின் வாயால் அதே கதையைத் திரும்பச் சொன்ன பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ 2024இல் வந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது. அந்த மத்தியானத்தைத் தஞ்சமாம்பாளின் அடுப்படியிலிருந்து எழுதிப் பார்க்கவும் யாருக்காவது கை வர வேண்டும்.

மெழுகிய ஈரம் இன்னும் முழுசாகக் காயவில்லை. அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயல் பக்கம் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு ‘சைவம் மட்டும்’ என்ற பலகையும், ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வியின் நாசூக்கான வடிவங்களும் பழக்கம். வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்குக் காபி கொடுக்கத் தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளர் பல வீடுகளில் உண்டு. ‘அது ஏம்மா தனியா இருக்கு?’ என்று கேட்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் பதில் ‘நீ போய்ப் படி’ என்பதுதான். போய்ப் படிக்கிற பாடத்தில் தீண்டாமை ஒரு பெருங்குற்றம் என்று அச்சடித்திருக்கும்.

இன்னும் மேற்கே போனால், திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளும், வடக்கே செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளும். இருளர் குடும்பங்களும் ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் இங்கெல்லாம் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட செய்திகள் வந்திருக்கின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்த குடும்பம் இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டால், பேச்சுவழக்கில் அதற்குப் பெயர் ‘ஓடிப்போய்ட்டான்’. வாங்கின காசுக்குத் துரோகம் செய்துவிட்டான், கிட்டத்தட்டத் திருடன். ஜிம்மைப் பற்றி அச்சடித்த அறிவிப்பில் இருந்ததும் ஏறக்குறைய அந்த ‘ஓடிப்போன’ என்ற சொல்தான். அந்தக் குடும்பம் பேருந்து நிறுத்தத்தில் மூட்டையோடு நிற்பதைப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பையன் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். யாராவது வந்து ‘எந்தப் பக்கம் போனாங்க?’ என்று கேட்டால், பொய் சொல்லக் கூடாது என்று படித்தது முதலில் நினைவுக்கு வருமா, மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை நினைவுக்கு வருமா?

நம்பியை ஆசாரியராக ஏற்க இளையாழ்வார் விழுந்து வணங்கினார். நம்பி சம்மதிக்கவில்லை, வருணாசிரம முறைக்கு அது ஒவ்வாது என்றார். விதியை மீறத் துடித்தவர் மேலே இருந்தவர். மீற மறுத்தவர் கீழே வைக்கப்பட்டவர். மீறினால் யார்மேல் பழி விழும் என்று நம்பிக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் செய்தது வேறு. ராமானுஜர் மனத்திலிருந்த சந்தேகங்களைப் பெருமாளிடம் கேட்டு ஆறு வார்த்தை வாங்கிவந்தார். ஆறாவது வார்த்தை, ஆசாரியராகப் பெரிய நம்பியை ஏற்றுக்கொள் என்பது.

ஜிம்மும் ஒன்றைச் செய்தான். பயணத்தின் தொடக்கத்தில் வெள்ளத்தில் மிதந்துவந்த ஒரு வீட்டுக்குள் இருவரும் ஏறுகிறார்கள். முதுகில் சுடப்பட்ட ஒரு பிணம் கிடக்கிறது. முகத்தைப் பார்க்காதே, கோரமாக இருக்கிறது என்று ஜிம் கந்தலைப் போட்டு மூடிவிடுகிறான். நாவலின் கடைசிப் பக்கத்தில்தான் சொல்கிறான், அது ஹக்கின் அப்பன் என்று. இனி அடிக்க ஆள் வரமாட்டான். ஆயிரம் மைல் தூரமும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே தெப்பத்தைத் தள்ளியிருக்கிறான். ஹக் அதற்கு என்ன சொன்னான் என்று ட்வெய்ன் எழுதவில்லை. காலில் பாய்ந்த குண்டைக் கடிகாரம்போல் கழுத்தில் மாட்டிக்கொண்டு டாம் ஓயாமல் நேரம் பார்ப்பதைப் பற்றி, அடுத்த வரியில் பேச ஆரம்பித்துவிடுகிறான்.